நெய்ச்சோறு அழிப்பு சப்-கமிட்டி

திண்டுக்கல்லில் தண்ணீர்க் கஷ்டம் எல்லாருக்கும் பழகிப்போன ஒன்று. அரிசிக் கஷ்டம் மாத்திரம் அறுபத்தைந்து, அறுபத்தாறு வாக்கில் புதிதாக வந்து ஒட்டிக்கொண்டது. இரண்டு கஷ்டமும் ஒரே ஊரில் கூடி உட்கார்ந்துவிட்டால் மூன்றாவதாக ஒரு கமிட்டி வராமல் போகுமா? வந்தது. 'நகர உணவு மிச்சத் தவிர்ப்பு மற்றும் மண், நீர் வளப் பாதுகாப்புக் கமிட்டி' என்று அதற்குப் பெயர். பலகை எழுதுகிறவன் பாவம், அந்தப் பெயரை ஒரே பலகையில் அடக்கப் பார்த்து முடியாமல், 'கமிட்டி' என்பதைச் சுவரில் எழுதிவிட்டுப் போனான்.

நோக்கத்தைக் குறை சொல்ல முடியாது. இலையில் ஒதுக்கும் ஒரு பிடிச் சோற்றோடு அதை விளைவித்த தண்ணீரும் மண்ணும் எருவும் சேர்ந்தே குப்பைக்குப் போகின்றன; ஆகவே தட்டைக் காலி செய்யுங்கள், தோலையும் தண்டையும் எறியாதீர்கள், உள்ளூரில் விளைவதைத் தின்னுங்கள் என்று ஊர் முழுக்க நோட்டீஸ் ஒட்டினார்கள். பொன்னான வார்த்தைகள். அந்த நோட்டீஸுக்குப் பசை காய்ச்சிய மைதாவில் ஒரு தெருவுக்கே பரோட்டா போட்டிருக்கலாம் என்று சிலர் முணுமுணுத்தார்கள். அவர்களுக்கு வேறு வேலை கிடையாது.

நைனா முகமது அந்த நோட்டீஸைப் படிக்கவில்லை. அவருக்கு நேரம் ஏது? பேகம்பூரில் தோல் பதனிடும் ஷெட்டுகளுக்குப் போகிற சந்தில் அவருடைய சாப்பாட்டுக் கடை. முன்னறை கடை, பின்னறை வீடு. பின்னால் மனைவி ஜெய்தூன் பீவி சமைப்பாள்; முன்னால் இவர் போடுவார். தோல் ஷெட்டு ஆட்கள் மத்தியானம் சங்கு ஊதினதும் நேரே இங்கேதான் வந்து விழுவார்கள். நைனா முகமது நல்ல மனுஷர், யாரோடும் வம்புக்குப் போகாதவர். காக்கிச் சட்டை போட்ட தபால்காரரைக் கண்டால்கூட எழுந்து நின்றுவிடுவார். அப்பேர்ப்பட்டவர் வாசலில் ஒரு நாள் காக்கிச் சட்டையும் கையில் பச்சைப் பெயின்ட் அடித்த வாளியுமாக ஒருவர் வந்து நின்றார். கமிட்டி இன்ஸ்பெக்டர் சோலைமுத்து.

"பாய், இது ஒங்க வாளி."

"நாங்க வாளி ஏதும் கேக்கலீங்களே. தண்ணி எறைக்கிறதுக்கா?"

"தண்ணியா? இது சர்க்கார் வாளி! செவ்வாக்கெழம செவ்வாக்கெழம ஒங்க கடையில விழுற மிச்சம் மீதி, தோலு, தண்டு அம்புட்டையும் இதுல போட்டு சாயங்காலம் ஆபீசுக்குக் கொண்டாரணும். நிறுத்துப் பாப்போம். அப்புறம் வாரா வாரம் கொறைச்சுக் காட்டணும். பாதியாக் கொறைச்சவனுக்குத்தான் இந்த வருசம் லைசென்ஸப் புதுப்பிக்கச் சிபாரிசு."

"கொறைக்கலேன்னா?"

"கடைய இழுத்துச் சாத்திட்டு வீட்ல உக்காந்து நிம்மதியாச் சாப்பிட வேண்டியதுதான்."

கடையை இழுத்துச் சாத்தினால் வீட்டில் சாப்பிட என்ன இருக்கும் என்று நைனா முகமதுவுக்குக் கேட்கத் தோன்றியது. காக்கிச் சட்டையைப் பார்த்துவிட்டு வாளியை வாங்கிக்கொண்டார். அந்தக் கடையைத் தவிர அவருக்குத் தெரிந்த பிழைப்பு வேறு எதுவும் கிடையாது.

செவ்வாய்க்கிழமை வந்தது. மத்தியானக் கூட்டம் போனதும் மனுஷர் வாளியும் கையுமாக மிச்சம் தேடப் புறப்பட்டார். எங்கே தேடுவது? அவர் கடையில் ஆளுக்கொரு தட்டு கிடையாது. கல்யாண வீட்டில் வைப்பது போலச் சஹன்தான். நாலு பேர் சுற்றி உட்கார்ந்து ஒன்றாகக் கைவைத்துச் சாப்பிடுகிற பெரிய தாம்பாளம். ஒரு தோல் ஷெட்டு ஆட்கள் ஒரு சஹனில் உட்கார்ந்துவிடுவார்கள். ஒருவன் போதும் என்று கையை இழுத்தால் அவன் பக்கத்துச் சோற்றை அடுத்தவன் தன் பக்கம் இழுத்துக்கொள்வான். மிச்சம் எங்கிருந்து நிற்கும்? சரி, அடுப்பங்கரையிலாவது அகப்படுமா என்று எட்டிப் பார்த்தார். சுரைக்காய்த் தோல் துவையலாகி இருந்தது. முள்ளங்கித் தழை பொரியலாகி இருந்தது. பரங்கிக்காய் விதை வறுபட்டுத் தின்னவும் பட்டுவிட்டது. வடித்த கஞ்சியை உப்புப் போட்டு ஆட்களே குடித்துவிட்டுப் போயிருந்தார்கள். கடைசியாக ஒரு கறிவேப்பிலை ஈர்க்கு அகப்பட்டது. அதை வாளிக்குள் போட்டுவிட்டு எட்டிப் பார்த்தார். வாளியின் அடியில் அது அநாதையாகக் கிடந்தது.

ஜெய்தூன் பீவி கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "என்னங்க இது, வாளிக்குள்ள ஒத்தக் குச்சியப் போட்டு அழகு பாத்துக்கிட்டு நிக்கிறீக?"

"மிச்சம் புள்ள. சர்க்காருக்குக் கொண்டுபோய்க் குடுக்கணும்."

"இதையா?" அவளுக்கு முகம் சிவந்துவிட்டது. "யா அல்லா! பக்கத்து வீட்டுக் கிண்ணம் நம்ம வீட்டுக்கு வந்தாலே அதை வெறுமனே திருப்பிக் குடுத்திருக்கமா? ஒரு கை சீனியாச்சும் போட்டுத்தானே குடுப்போம்? சர்க்கார் வீட்டு ஏனம் மொத மொதலா நம்ம வாசப்படி ஏறியிருக்கு. அதுல ஒத்தக் குச்சியப் போட்டுத் திருப்பி அனுப்புனா நம்மளப் பத்தி என்ன நெனைப்பாக? நம்ம மானம் என்னாகுறது?"

இந்தக் கேள்விக்குத் திண்டுக்கல்லில் யாரிடமும் பதில் இருந்திருக்காது. வந்த பாத்திரத்தை வெறும் பாத்திரமாக அனுப்புகிற வீட்டில் யார் பெண் எடுப்பார்கள்? ஜெய்தூன் பீவி வாளியைப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்தாள். கொஞ்சமாகப் போட்டால் கணக்குப் பார்த்ததாக ஆகிவிடுமென்று வாளி முட்ட நெய்ச்சோறு அமுக்கி, நடுவில் குழி பறித்துத் தால்ச்சாக் குழம்பு ஊற்றி, மேலே ஆட்டுக்கறித் துண்டுகளை அடுக்கி, வாழையிலை போட்டு மூடினாள். நைனா முகமது தலையில் சும்மாடு கட்டித் தூக்கிக்கொண்டு நடந்தார். நெய் வாசனைக்கு வழியெல்லாம் ஆட்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள்.

கமிட்டி ஆபீசில் தராசுக்கு மாலை போட்டிருந்தார்கள். தலைவர் நாச்சிமுத்து ஒட்டன்சத்திரம் பக்கத்துக்காரர். கமிட்டி என்று எங்கே எதை ஆரம்பித்தாலும் அதற்குத் தலைவராக வேண்டிய நிர்ப்பந்தம் அவருக்கு வந்துவிடும். எழுந்து பேசினார்.

"ஏனுங்க, மிச்சம் வெக்கறது மகா பாவமுங்க. எங்க வீட்டு எலையில நான் ஒரு பருக்கை மிச்சம் வெச்சதில்லீங்க. புடிக்காததையெல்லாம் சமையக்கட்டுலயே தூக்கி எறியச் சொல்லிப்போட்டுத்தானுங்க எலையில வந்தே உக்காருவேன்! அந்த மாதிரி ஒரு கட்டுப்பாடு நம்ம ஊரு கடைக்காரங்களுக்கும் வரோணுமுங்க."

எல்லாரும் கைதட்டினார்கள். முதலில் பொம்மையனின் வாளி வந்தது. பொம்மையன் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் சைவ மெஸ் வைத்திருந்தவர். வாளிக்குள் எச்சில் சாம்பாரும் பழைய சட்னியும் புளித்துப் பொங்கிக்கொண்டு வந்தன. தலைவர் மூக்கைப் பொத்திக்கொண்டே அவருடைய முயற்சியைப் பாராட்டினார். அடுத்து நைனா முகமதுவின் வாளி. சோலைமுத்து இலையை விலக்கினார்.

எல்லாரும் எழுந்து வந்து தராசைச் சுற்றி நின்றுகொண்டார்கள்.

"இது... என்னங்க பாய்?" என்றார் தலைவர்.

"நெய்ச்சோறுங்க."

"அதெப்படீங்க? வாளிக்குள்ளார இருக்கறது மிச்சமுங்க. சட்டம் அப்படித்தான் சொல்லுது."

"இல்லீங்க, இது இப்பத்தான் எறக்குன நெய்ச்சோறு..."

"எல்லா மிச்சமும் முன்னால ஏதோ ஒரு சோறா இருந்ததுதானுங்களே பாய்!"

சோலைமுத்து நிறுத்தார். கிலோ அப்போதுதான் வந்த புதிது; அவர் கிலோவில் நிறுத்து, வீசையில் முணுமுணுத்து, மறுபடியும் கிலோவில் கத்தினார். ஊரிலேயே அதிக மிச்சம் நைனா முகமதுவின் கடையில்! தலைவர் மேஜையைத் தட்டினார். "அரிசி கெடைக்காத காலத்துல இத்தனை மிச்சமா? மனசு பதறுதுங்க! இதை இந்தச் சணமே அழிச்சாகோணும்." அப்போதே ஓர் 'அழிப்பு சப்-கமிட்டி' அமைக்கப்பட்டது. உறுப்பினர்களுக்குப் பஞ்சமே இல்லை. வாளியைத் தூக்கிக்கொண்டு எல்லாரும் பின்னறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

வெகுநேரம் கழித்து ஈரக் கையோடு வெளியே வந்தார்கள்.

"அழிச்சாச்சுங்களா?"

"வழிச்சு அழிச்சாச்சுங்க. எலும்புல ஒட்டிக்கிட்டிருந்ததக்கூட விடல."

பொம்மையனின் வாளியையும் அழிக்கலாமே என்று ஒருவர் கேட்டதற்கு, அது தங்கள் வரம்புக்குள் வராது என்று சப்-கமிட்டி ஏகமனதாகச் சொல்லிவிட்டது. தலைவர் நாச்சிமுத்து மாத்திரம் பின்னறைக்குப் போகவில்லை. அவர் பழனி முருகனுக்கு நேர்ந்துகொண்டவர். செவ்வாய்க்கிழமை கவிச்சியைத் தொடமாட்டார். வாசலிலேயே எச்சிலை விழுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மறுநாள் காலை ஆபீஸ் கதவில் ஓர் உத்தரவு தொங்கியது: நிர்வாகக் காரணங்களை முன்னிட்டு எடைபோடும் நாள் புதன்கிழமைக்கு மாற்றப்படுகிறது.

நைனா முகமதுவுக்கு ஒரு விதத்தில் நிம்மதி. பாதியாகக் குறைக்கத்தானே சொன்னார்கள்? அடுத்த புதன்கிழமை பாதி வாளி நெய்ச்சோறு கொண்டுபோனார். லைசென்ஸ் கையில் வந்து விழும் என்று பார்த்தால், சாயங்காலமே சோலைமுத்து வேகுவேகென்று கடைக்கு வந்துவிட்டார்.

"என்ன பாய், கொறைக்கச் சொன்னா இப்பிடியா வெடுக்குனு கொறைக்கிறது? சப்-கமிட்டியில ஆளு கூடிப்போச்சு. தலைவரே புதுசாச் சேந்துட்டாரு. பாதிப் பேரு அழிக்க ஒண்ணுமில்லாம வெறும் வாயோட வீட்டுக்குப் போனாக."

"நீங்கதானங்க பாதியாக் கொறைக்கச் சொன்னீக?"

"கொறைக்கத்தான் சொன்னேன். இல்லேங்கல. ஆனா மொதல்ல நல்லா ஏத்தி வச்சுக்கிட்டு அப்புறம் கொறைச்சாத்தானே பாக்கறவுக கண்ணுக்குக் கொறைச்ச மாதிரி தெரியும்? மிச்சம் கூடுனாத்தான் கமிட்டி கூடும். கமிட்டி கூடுனாத்தான் மிச்சத்தக் கொறைக்க முடியும். படிச்சவுக போட்ட திட்டம் பாய்!"

"அப்ப ஏத்தணுமா, கொறைக்கணுமா?"

"கொறைக்கிறதுக்காக ஏத்தணும்." சோலைமுத்து குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அப்புறம் பாய், தால்ச்சாவுல கொஞ்சம் மாங்கா போடச் சொல்லுங்க. சப்-கமிட்டி அபிப்பிராயப்பட்டுச்சு."

ஊரில் இது பரவ எவ்வளவு நேரம் ஆகும்? பேகம்பூர் பாய் வாளிக்கு ஆபீசில் எழுந்து நின்று மரியாதை செய்கிறார்களாம் என்று பொம்மையனுக்குச் சேதி போயிற்று. அடுத்த புதன்கிழமை அவருடைய வாளியில் முந்திரிப்பருப்பு மிதக்கிற சர்க்கரைப் பொங்கல்! அதற்கடுத்த வாரம் இன்னொரு கடையிலிருந்து குழிப்பணியாரம், வேறொரு கடையிலிருந்து கோழி வறுவல். அழிக்கும் வேலை தாங்காமல் சப்-கமிட்டி சைவ அழிப்பு, அசைவ அழிப்பு என்று இரண்டாகப் பிரிந்தது. தலைவர் பாரபட்சம் பார்க்காமல் இரண்டிலும் இருந்தார். அதுவரை எச்சில் இலையும் புளித்த சட்னியும் மட்டும் வீணாகிக்கொண்டிருந்த ஊரில், புதன்கிழமை என்றால் கடைக்காரர்கள் வாளிக்குச் சமைத்து மிஞ்சியதைத்தான் சாப்பிட வருகிறவர்களுக்குப் போட்டார்கள்.

இதில் அடிபட்டது தோல் ஷெட்டு ஆட்கள்தான். அரிசி கிடைப்பதே குதிரைக்கொம்பு; கிடைத்ததில் பெரும்பகுதி வாளிக்குள் போனால் சஹனில் என்ன இருக்கும்? ஒரு புதன்கிழமை அக்பர் அலி என்கிற தொழிலாளி சஹனைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"என்ன நைனாண்ணே, சஹன்ல மூஞ்சி தெரியுது? நாங்க சாப்பிட வந்தமா, தலை சீவ வந்தமா?"

எல்லாரும் சிரித்தார்கள். நைனா முகமதுவுக்கு அழுகையே வந்துவிட்டது. காலையிலிருந்து சுண்ணாம்புக் குழியில் நின்றுவிட்டு வருகிற ஆட்கள். "கொஞ்ச நாளு பொறுத்துக்கங்கப்பா. லைசென்ஸ் மட்டும் வந்துரட்டும், பழையபடி போட்டுருவேன்," என்றார். பொறுத்துக்கொள்கிற பசியா அது? இரண்டொருவர் அடுத்த வாரம் வரவில்லை.

இதற்கிடையில் நம் கமிட்டியின் எடைக் கணக்கு மெட்ராஸ் தலைமை ஆபீசுக்குப் போய்ச் சேர்ந்தது. மற்ற ஊர்களில் மிச்சம் சொற்பம். திண்டுக்கல்லில் வாரத்துக்கு வாரம் எகிறிக்கொண்டே போகிறது! மெட்ராஸில் ஒரே சந்தோஷம். இத்தனை மிச்சமுள்ள ஊரில் கமிட்டி எவ்வளவு அவசியம் என்பது நிரூபணமாகிவிட்டதாகச் சொல்லி, ஒரு ஜீப்பும் அடுக்கடுக்காகப் புது வாளிகளும் அனுப்பினார்கள். கூடவே டைரக்டரே நேரில் வரப்போவதாகத் தந்தியும் வந்தது. மிச்சம் ஏறியது போதும், இனி அது இறங்குவதைத் தன் கண்ணால் பார்க்க வேண்டுமாம்.

சோலைமுத்து கடை கடையாக ஓடினார். "டைரக்டர் வார அன்னைக்கு எல்லா வாளியும் காலியா இருக்கணும். ஒரு பருக்கை கெடந்தாலும் அங்கனயே லைசென்ஸ் ரத்து. வெளையாட்டு இல்ல பாய்!"

நைனா முகமது ஆறுதல் பெருமூச்சு விட்டார். காலி வாளி கொடுப்பது அவர் கடைக்குக் கஷ்டமா என்ன?

டைரக்டருக்கு விருந்து வைக்க வேண்டாமா? மிச்சத்தைத் தவிர்க்கச் சொல்கிற கமிட்டி வெறும் விருந்து வைக்கலாமா? தூக்கி எறிகிற தோல், தண்டு, கொட்டை இவற்றிலேயே ஒரு முழு 'சிக்கன விருந்து' வைத்து அசத்துவதென்று தலைவர் முடிவு செய்தார். அதில் ஒரே ஒரு சங்கடம், அத்தனை தோல் ஊரில் அகப்படவில்லை. அதனால் சிறுமலை வாழைப்பழம் வண்டி வண்டியாக வந்து இறங்கியது. ஒட்டன்சத்திரத்திலிருந்து பரங்கிக்காயும் பூசணியும் லாரியில் வந்தன. எல்லாவற்றையும் உரித்துத் தோலை ஒரு பக்கம் குவித்தார்கள். உதவிக்குப் போயிருந்த நைனா முகமது உரித்த பழக் குவியலுக்கு முன்னால் நின்று விழித்தார்.

"அண்ணே, பழத்தையெல்லாம் என்ன பண்றது?"

"பழத்துக்கு உத்தரவு ஒண்ணும் வரலியே," என்றார் சோலைமுத்து. "தோலுக்குத்தான் உத்தரவு."

"ஆளுகளுக்குக் குடுத்துரலாமே?"

"நல்லா இருக்கே! டைரக்டர் வார நேரத்துல ஊரெல்லாம் பழம் தின்னுக்கிட்டுத் திரிஞ்சா சிக்கனம் என்னத்துக்காகும்? குழி வெட்டச் சொல்லியிருக்கு. மூடிருவோம்."

ஆபீசுக்குப் பின்னால் குழி வெட்டிப் பழத்தையெல்லாம் போட்டு மூடி, மேலே 'மண் வளப் பாதுகாப்புக் குழி' என்று ஒரு பலகையும் நட்டார்கள். நைனா முகமது அன்றைக்கு வீட்டுக்குப் போய்க் காலில் ஒட்டியிருந்த குழி மண்ணைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார்.

ஜெய்தூன் பீவி பக்கத்தில் வந்து நின்றாள். "நாளைக்கு வாளியக் காலியாவா அனுப்பச் சொல்றாக?"

"ஆமா புள்ள. காலியா இருந்தாத்தான் லைசென்ஸ்."

"மெட்ராஸ்ல இருந்து ஒரு பெரிய மனுசர் அம்புட்டுத் தூரம் வாராரு. அவரு முன்னாடி நம்ம வீட்டு வாளி வெறுமனே நிக்கணுமாக்கும்?"

"எல்லாரு வாளியும் வெறுமனேதான் நிக்கும்."

"மத்தவுக வளப்பு அப்பிடி!"

நைனா முகமது கையெடுத்துக் கும்பிட்டார். கடை போய்விட்டால் நடுத்தெருதான் என்றார். அல்லாவுக்காக இந்த ஒரு தடவை கேள் என்றார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். காலையில் வாளிகளை எடுக்கக் கமிட்டியின் கட்டை வண்டி வந்தபோது அவர் தொழுகைக்குப் போயிருந்தார். ஜெய்தூன் பீவிதான் வாளியைத் துணியால் வாய் கட்டி வண்டியில் ஏற்றிவிட்டாள். தூசி படாமலிருக்கத்தான் துணி என்று பிறகு அவரிடம் சொன்னாள். அவரும் நம்பிக்கொண்டு ஆபீசுக்குப் புறப்பட்டார்.

டைரக்டர் நல்ல பசியோடு வந்து இறங்கினார். இலை போட்டார்கள். வாழைப்பழத் தோல் கூட்டு, பூசணித்தோல் பச்சடி, பரங்கித்தோல் வடை, பலாச்சடை வறுவல், புளியங்கொட்டைப் பாயசம். சோறு கிடையாது, சிக்கனம். டைரக்டர் ஒரு வடையைக் கடித்தார். விட்டுவிட்டு மறு பக்கம் கடித்துப் பார்த்தார். பேச அழைத்ததும் எழுந்தார்.

"நண்பர்களே, நான் ஜில்லா ஜில்லாவாகச் சுற்றிவருகிறேன். போகிற ஊரிலெல்லாம் எனக்குச் சிக்கன விருந்து. சிக்கனத்தைப் பரப்பப் புறப்பட்ட பிறகு எனக்கு இடுப்பு பெல்ட்டை இரண்டு தரம் மாற்ற வேண்டியதாயிற்று. ஆனால் இந்த ஊர் விருந்தைப் போல ஒன்றை நான் கண்டதில்லை. இந்தத் தோல்... உண்மையிலேயே மிகவும்... தோலாக இருக்கிறது."

கைதட்டல் ஓய்வதற்குள் மனுஷர் வாளிகளைப் பார்க்க வேண்டும் என்று வெளியே வந்துவிட்டார். தின்ன முடியாத தோலோடு பின்னால் தேங்கிக் கிடந்த இலைகளெல்லாம் சந்தடியில்லாமல் இன்னொரு குழிக்குப் போயின.

வெளியே வாளிகள் வரிசையாக நின்றன. முதல் வாளி காலி. "பலே," என்றார் டைரக்டர். அடுத்தது காலி, அதற்கடுத்ததும் காலி. பொம்மையனின் வாளி பளபளவென்று மின்னியது. அடுத்து வாய் கட்டிய வாளி. "இது ஏன் மூடியிருக்கிறது?" என்று அவரே துணியை அவிழ்த்தார்.

நெய்யும் பட்டையும் கிராம்பும் ஏலமும் ஒன்றாகக் கிளம்பி டைரக்டரின் முகத்தில் அடித்தன. வாளி முட்ட நெய்ச்சோறு! கறி, வறுத்த முந்திரி, மாங்காய் போட்ட தால்ச்சா ஒரு தூக்கில் தனியாக. அடிப்பாவி, குடியைக் கெடுத்துவிட்டாளே என்று நைனா முகமது மனசுக்குள் அலறினார்.

"யார் வாளி இது?"

"என்னுதுங்க," என்றார்.

"இது மிச்சமா?"

நைனா முகமது ஒரு முறை தலைவரைப் பார்த்தார். ஒரு முறை சோலைமுத்துவைப் பார்த்தார். ஆனது ஆகிவிட்டது என்று ஒரு தைரியம் வந்துவிட்டது. "இல்லீங்கய்யா. என் கடையில என்னைக்குமே மிச்சம் விழுந்ததில்லீங்க. இது சோறு. வந்த ஏனத்த வெறுமனே திருப்பி அனுப்பக் கூடாதுன்னு வீட்ல வாரா வாரம் ஆக்கிப் போடுறாக. இதையே மிச்சம்னு நிறுத்து..."

"பாத்தீங்களா டைரக்டருங்க!" என்று தலைவர் குறுக்கே பாய்ந்தார். "எங்க கமிட்டி வர்றதுக்கு முன்னாலேயே இவரு கடையில மிச்சம் ஒழிஞ்சு போச்சுங்களாம்! எங்க வேலை அத்தனை வேகமுங்க! ஆனா சட்டம்னு ஒண்ணு இருக்குதுங்களே. வாளிக்குள்ளார போனது மிச்சம். சாப்பாட்டுக் கடை லைசென்ஸ் ரத்துங்க!"

சோலைமுத்து அங்கேயே ரத்து உத்தரவில் டைரக்டரிடம் கையெழுத்து வாங்கிவிட்டார். நைனா முகமது அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். நாளைக்கு மத்தியானம் சங்கு ஊதும், அக்பர் அலியும் மற்றவர்களும் வந்து நிற்பார்கள், அவர்களிடம் என்ன சொல்வது என்பதைத் தவிர அவருக்கு ஒன்றும் ஓடவில்லை.

டைரக்டர் இன்னும் வாளியைவிட்டு நகரவில்லை. "இதை... என்ன செய்வீர்கள்?" என்றார்.

"அழிச்சுருவோமுங்க. அதுக்குன்னு சப்-கமிட்டி இருக்குது."

"இவ்வளவு முக்கியமான காரியத்தை நான் நேரில் மேற்பார்வை பார்ப்பதுதான் முறை," என்றார் டைரக்டர். கையைக் கழுவிக்கொண்டு முதல் ஆளாகப் பின்னறைக்குப் போனார். அன்றைய அழிப்பு இதுவரை நடந்த எல்லா அழிப்புகளையும் தூக்கி அடித்துவிட்டது. வெளியே வந்தபோது டைரக்டரின் கண்களில் நீர் நின்றது. மாங்காய்ப் புளிப்பு என்றார்கள் சிலர். பட்டினி கிடந்த மனுஷர், பாவம்.

"நான் மாகாணம் முழுக்கப் பார்த்துவிட்டேன்," என்றார் டைரக்டர். "மிச்சத்தை எரிக்கிறார்கள், புதைக்கிறார்கள், ஆற்றில் கொட்டுகிறார்கள். இவ்வளவு சுத்தமான, புகையில்லாத, நாற்றமில்லாத அழிப்பை எங்குமே பார்க்கவில்லை. இது தினம் நடக்க வேண்டும். அந்த பாய் எங்கே?"

நைனா முகமதுவைக் கைத்தாங்கலாகத் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

"ரத்து செய்ததைத் திரும்பக் கொடுக்க எனக்கே அதிகாரம் இல்லை. அதற்கு ஒரு தனிக் கமிட்டி போட்டாக வேண்டும். ஆனால் உங்கள் கடையை 'அங்கீகரிக்கப்பட்ட மிச்சம் அழிப்பு நிலையம்' ஆக்க எனக்கு முழு அதிகாரம் உண்டு. அங்கே சோறு போடக் கூடாது. மிச்சத்தை மட்டும்தான் அழிக்கலாம். மிச்சம் என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரியுமல்லவா?"

"வாளிக்குள்ள இருக்கறதுங்க," என்றார் நைனா முகமது.

"அவ்வளவுதான்," என்று டைரக்டர் முத்திரையைக் குத்தினார்.

மறுநாள் மத்தியானம் சங்கு ஊதியது. தோல் ஷெட்டு ஆட்கள் கைகால் கழுவிக்கொண்டு வந்து வாசலில் தயங்கி நின்றார்கள். வராமல் போனவர்களும் கூட்டத்தோடு வந்திருந்தார்கள். லைசென்ஸ் ரத்தானது ஊருக்கெல்லாம் தெரிந்திருந்தது.

"நைனாண்ணே," என்றார் அக்பர் அலி மெதுவாக. "சோறு உண்டா?"

"சோறு போட எனக்கு லைசென்ஸ் இல்லப்பா."

ஆட்கள் முகம் விழுந்துபோயிற்று. ஒருவன் திரும்பக்கூடத் தொடங்கிவிட்டான். அந்த நேரம் பார்த்து உள்ளிருந்து ஜெய்தூன் பீவி வாளியை நகர்த்தி வைத்தாள். ஆவி பறந்தது. நைனா முகமது சஹன்களை வரிசையாகப் போட்டு, வாளியிலிருந்து நெய்ச்சோற்றை மலைபோல் கொட்டினார். கறியைக் கொட்டினார், தால்ச்சாவை ஊற்றினார். பிறகு, தபால்காரரைக் கண்டாலே எழுந்து நிற்கிற அந்த மனுஷர், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினார்:

"உக்காருங்கப்பா, உக்காருங்க! பிஸ்மில்லாச் சொல்லி, அழிக்க ஆரம்பிங்க!"